போயிற்று என்றேன், போகவில்லை!

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற பழமொழியை ஆறாம் வகுப்பில் பத்து முறை அழகாக எழுதி, ஆசிரியையிடம் 'நன்று' வாங்கியவள் நான். ஆனால் எழுதியது நோட்டோடு நின்றுவிட்டது, புத்தியில் ஏறவே இல்லை என்பது சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில்தான் எனக்கு விளங்கிற்று. அருமைத் தோழியரே! என் தவற்றை நானே ஊரறியச் சொல்வதில் சற்று வெட்கம்தான். ஆயினும் உங்களில் ஒருத்திக்காவது இது பயன்படுமானால் அந்த வெட்கம் பெரிதல்ல என்று எண்ணியே எழுதத் துணிந்தேன்.

என் அப்பா கைத்தறி நெசவாளர். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு எங்கள் வீட்டைத் தனியே வருணிக்க வேண்டியதில்லை. முன்கூடத்தில் தறி, அடுத்த கட்டில் அடுப்பு, இரண்டுக்கும் நடுவில் நாங்கள். அப்பா நெய்ய, அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். அந்தத் தறிச் சத்தத்திலேயே படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள் என் அக்கா. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்க இடமும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இடம் கிடைத்த மகிழ்ச்சி ஒரு நாள். கட்டணத்துக்கு எங்கே போவது என்ற கவலையோ பல நாள்.

அவ்வேளையில் ஓர் அறக்கட்டளை, ஏழை மாணவியருக்குப் படிப்புச் செலவை ஏற்பதாக அறிவித்திருந்தது அக்காவின் கண்ணில் பட்டது. மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று எட்டுத் தாள்கள் கேட்டிருந்தார்கள். அவற்றை ஒரு விண்ணப்பக் கடிதத்தோடு இணைத்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கடைசி நாள் புதன்கிழமை, மாலை 5 மணி.

"கம்ப்யூட்டர் குரூப்பு நம்ம வீட்டுலயே இருக்கா, வெளியில யாரைக் கேக்கணும்?" என்றார் அப்பா. நான் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சொல்லில் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மாலை, ஜெராக்ஸ் கடையில் எட்டுத் தாள்களையும் ஸ்கேன் செய்து பென்டிரைவில் வாங்கிக்கொண்டோம். "நல்லாத் தெளிவா இருக்கணும் அண்ணே" என்று நான்தான் சொன்னேன். அவரும் இருப்பதிலேயே உயர்ந்த தெளிவில், வண்ணத்தில் எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து மாமாவின் விதைக் கடைக்குப் போனோம். பில் போடுவதற்காக மாமா வைத்திருக்கும் பழைய கணிப்பொறியில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் ஒன்றும் உண்டு. அதிலேயே விண்ணப்பக் கடிதத்தைத் தமிழில் தட்டச்சு செய்தேன். எல்லாவற்றையும் இணைத்தேன். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினேன். சிறிது நேரத்தில் ஆங்கிலத்தில் நாலு வரியோடு ஒரு சிறு கட்டம் திரையில் தோன்றியது. அதைப் படித்தேனா? இல்லை. 'ஓகே' என்றிருந்த இடத்தில் அழுத்தினேன். கட்டம் மறைந்தது.

"போயிருச்சா தாயி?" என்றார் வாசலில் நின்றிருந்த அப்பா.

"போயிருச்சுப்பா!" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "தபால்ல போட்டா ரசீது குடுப்பாங்க. இது போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்றேன். தோழியரே, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வெட்கப்படும் வரி இதுதான். அந்த வீட்டில் அன்று சரியான கேள்வியைக் கேட்டவர் அம்மா ஒருவரே.

செவ்வாய்க்கிழமை மாலை அக்கா, "அவங்ககிட்ட இருந்து பதில் ஏதாச்சும் வந்திருக்கான்னு பாரேன்" என்றாள். மாமா அன்று விதை வாங்க வெளியூர் போயிருந்தார். கடைப் பையன்தான் கடையைத் திறந்து வைத்திருந்தான். மின்னஞ்சலைத் திறந்தேன். பதில் இல்லை. ஏதோ ஓர் எண்ணத்தில் 'அவுட்பாக்ஸ்' என்ற பெட்டியைத் திறந்தேன். எங்கள் மடல் அங்கேயே கிடந்தது! தபால்காரர் எடுக்காமல் விட்ட கடிதம்போல, முதல் நாள் வைத்த இடத்திலேயே இருந்தது.

அதற்குள் அக்கா தெருவில் நாலு வீடுகளில் 'அனுப்பியாச்சு' என்று சொல்லியிருந்தாள். என் பேச்சை நம்பித்தானே அவள் சொன்னாள்? என் கைகள் நடுங்கின. 'அனுப்பு' பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினேன். கணிப்பொறியை அணைத்துப் போட்டேன். இணைய இணைப்பின் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றுக்கும் அது அசையவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, "அப்பா, நேத்து போகலைப்பா. நான் பாக்காமலே போயிருச்சுன்னு சொல்லிட்டேன்" என்று உண்மையைச் சொன்னேன்.

அப்பா திட்டவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்தார். "பாவுல ஓர் இழை அறுந்தா என்ன செய்வோம்? பாவு முழுசையுமா உதறிப் போடுவோம்? அறுந்த இழை எதுன்னு விரலால தடவிப் பாத்து, அது ஒண்ணை மட்டும் முடிச்சுப் போடுவோம். கண்ட எடத்துல கை வச்சா நல்லா இருக்குற இழையும் போயிரும். போ, எங்க அறுந்திருக்குன்னு மொதல்ல பாரு" என்றார். என் அப்பா கணிப்பொறியைத் தொட்டுப் பழகியவர் அல்லர். ஆனால் அன்று அவர் சொன்னதைவிடச் சிறந்த வழியைப் பிறகு எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

மறுபடியும் கடைக்குப் போனோம். இம்முறை நான் ஒன்றையும் அழுத்தாமல் திரையை மட்டும் பார்த்தேன். இணையப் பெட்டியின் விளக்குகள் எரிந்தன. ஆனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கையே வந்தது. அப்போதுதான் திரையின் வலது மூலையைக் கவனித்தேன். அங்கே ஆண்டு 2009 என்று இருந்தது!

"நாலு மணிக்கு கரண்ட் போய் வந்துச்சுக்கா. மாமா தெனமும் காலையில தேதியை மாத்திட்டுத்தான் பில்லு போடுவாரு" என்றான் கடைப் பையன். கணிப்பொறியின் உள்ளே காசு வடிவில் 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போகும்போதெல்லாம் கணிப்பொறி பழைய ஆண்டுக்குப் போய்விடும். அதனால் மடலுக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். மின்னஞ்சல் நிலையத்தோடு கணிப்பொறி பேசத் தொடங்குமுன், அந்நிலையத்தின் அடையாளச் சான்றிதழை வாங்கிப் பார்க்கும். அச்சான்றிதழ் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2009-இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்று. ஆகவே பேச மறுத்துவிடும். தேதியைத் திருத்தினேன். இணையதளங்கள் திறந்தன. ஓர் இழை முடிந்தாயிற்று.

மீண்டும் அனுப்பினேன். முதல் நாள் வந்த அதே கட்டம் வந்தது. இம்முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மடல் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்று அது தெளிவாகவே சொல்லியிருந்தது! திங்கட்கிழமையே சொல்லிற்று, நான்தான் கேட்கவில்லை. எட்டுத் தாள்களும் சேர்ந்து 36 எம்.பி. இருந்தன. ஜிமெயிலில் ஒரு மடலுக்கு 25 எம்.பி.தான் எல்லை. 'நல்லாத் தெளிவா' என்று நான் கேட்டு வாங்கிய தெளிவே எமனாகிவிட்டது. படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் பரப்பு கால் பங்காகும் என்ற கணக்கு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு படமாகப் பாதியாகச் சுருக்கினேன். மொத்தம் 8.4 எம்.பி. ஆயிற்று. அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், மடல் 10 எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. 'அப்பாடா, உள்ளேதான் இருக்கிறது' என்று அனுப்பினேன். அவுட்பாக்ஸ் காலியாயிற்று. அனுப்பியவை என்ற பெட்டியில் மடல் வந்து அமர்ந்தது.

இரண்டே நிமிடம். 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு மடல் வந்தது. "டீமன்னா பேய்தானே? என்னடி இது?" என்று அக்கா பதறினாள். அளவு மீறியதால் பெறுபவர் மறுத்துவிட்டார் என்று 552 என்ற எண்ணோடு எழுதியிருந்தது. 8.4 என்பது 10-க்குள் அடங்காதா? எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் விளங்கவில்லை. மணி ஒன்பதரை. கடையைப் பூட்ட வேண்டும். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை.

புதன்கிழமை காலை, அசல் சான்றிதழ்கள் இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் நடந்தவை அனைத்தையும், அம்மாவிடம் சிரித்ததையும்கூட, ஒளிக்காமல் சொன்னேன். சிஸ்டர் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முதலில் அந்தப் பேயைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். "அது பேயில்லை. பின்னணியில் ஓசையின்றி வேலை பார்க்கும் நிரலுக்கு அப்படிப் பெயர். திரும்பிய தபாலைக் காரணத்தோடு கொண்டுவந்து கொடுக்கும் நேர்மையான தபால்காரர் அவர். 4 என்று தொடங்கும் எண் போட்டிருந்தால் சற்றுப் பொறுத்து முயலலாம், 5 என்றால் மறுப்பு மறுப்புதான், மடலைத் திருத்தித்தான் அனுப்ப வேண்டும்" என்றார். பிறகு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியவரை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு கணிப்பொறியிலிருந்து மறு கணிப்பொறிக்கு '@' குறி போட்டு மடல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் 1971-இல் தொடங்கி வைத்தார். மடல்கள் எவ்வாறு கைமாற வேண்டும் என்ற விதிகளை ஜான் போஸ்டல் 1982-இல் வகுத்தார். ஆனால் அந்தப் பாதை ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாக 128 வடிவங்கள் மட்டுமே செல்லக்கூடியது. படத்துக்கும் ஒலிக்கும் அதில் வழியில்லை. நம் ஊர் வழியாகச் செல்லும் விருதுநகர் – மானாமதுரை இருப்புப்பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. அகலப்பாதைப் பெட்டி அதில் ஓடாது. சரக்கை இறக்கிச் சிறிய பெட்டிகளில் மாற்றி ஏற்றினால்தான் போகும். அதுபோலப் படங்களையும் எழுத்து வடிவமாக மாற்றி ஏற்றும் முறையை நதானியல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் வகுத்தனர். 1992 மார்ச் 11-இல் போரன்ஸ்டீன், தாமும் நண்பர்களும் சேர்ந்து பாடிய பாட்டையும் ஒரு படத்தையும் மடலில் இணைத்து அனுப்பினார். நம் இருப்புப்பாதை 2013-இல் அகலப்பாதை ஆகிவிட்டது. மின்னஞ்சலில் மட்டும் சரக்கை மாற்றி ஏற்றும் அந்தப் பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது.

அப்படி மாற்றும்போது மூன்று பைட் சரக்கு நான்கு எழுத்தாகிறது. மூன்று பெரிய மூட்டை மல்லியை நான்கு சிறிய சாக்குகளில் கட்டுவதுபோல! எனவே எந்த இணைப்பும் வழியில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 8.4-ஐ மூன்றால் வகுத்து நான்கால் பெருக்குங்கள், 11.2 வரும். 10-க்குள் அடங்காத மர்மம் இதுதான். வீட்டில் நிறுத்த எடையை நம்பினோம். வழியில் சாக்கின் எடையும் சேரும் என்பது தெரியாமல் போயிற்று.

மதிய உணவு இடைவேளையில் சிஸ்டர் கணினி அறையைத் திறந்துவிட்டார். "செய்வது நீதான், நான் பக்கத்தில் நிற்பேன்" என்றார். முதல் நாள் கடையில் எடுத்த ஸ்கேன் அங்குலத்துக்கு 600 புள்ளி. ஓர் ஏ4 தாளுக்கு அது சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகளாகும். 200 புள்ளியில் எடுத்தால் சுமார் 39 லட்சம்தான். ஒன்பதில் ஒரு பங்கு. முத்திரையும் கையொப்பமும் படிக்க அது தாராளமாகப் போதும். அசல்களை மீண்டும் ஸ்கேன் செய்து, எட்டையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கினேன். 2.6 எம்.பி.தான் வந்தது.

அனுப்பப் போகையில் சிஸ்டர் கையமர்த்தினார். "முதலில் உனக்கே அனுப்பிக்கொள். வேறு கணிப்பொறியில் திறந்து பார். அவர்கள் பார்க்கப் போவதை நீ முன்னாலேயே பார்த்துவிடலாம்" என்றார். அப்படியே செய்தேன். சான்றிதழ்கள் பளிச்சென்று திறந்தன. விண்ணப்பக் கடிதத்தைத் திறந்தேன். திகைத்துப் போனேன். தமிழ் ஒரு வரிகூட இல்லை! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிறுக்கல். மாமாவின் கணிப்பொறியில் இருந்தது பழைய முறைத் தமிழ் எழுத்துரு. அதில் 'அ' என்று நமக்குத் தெரிவது உள்ளே ஓர் ஆங்கில எழுத்தின் எண்ணாகவே பதிவாகியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்து ஆங்கிலமே தெரியும். தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்களை 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பே தந்திருக்கிறது. அம்முறையில் எழுதினால் எந்த நாட்டுக் கணிப்பொறியிலும் தமிழ் தமிழாகவே திறக்கும்.

மணி பன்னிரண்டே முக்கால். கடிதத்தை யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்து, அதையும் பி.டி.எஃப். ஆக்கி, எனக்கே அனுப்பித் திறந்து பார்த்தேன். பிறகுதான் அறக்கட்டளைக்கு அனுப்பினேன். திரும்பி வரவில்லை. ஆனாலும் 'போயிற்று' என்று நான் சொல்லவில்லை. அறிவிப்பில் இருந்த எண்ணுக்குச் சிஸ்டரின் அனுமதியோடு தொலைபேசியில் பேசி, "மடல் வந்ததா? இணைப்புகள் திறக்கின்றனவா?" என்று கேட்டேன். "வந்திருக்கிறது, எல்லாம் திறக்கிறது" என்ற பதில் காதில் விழுந்தபோது, அம்மா கேட்ட அந்த ரசீது கைக்கு வந்ததாகவே உணர்ந்தேன்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் முதலில் அம்மாவிடம் சென்றேன். "நீங்க கேட்டதுதாம்மா சரி" என்றேன். அம்மா ராட்டையை நிறுத்தாமலே, "சரி, போயி மொகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை. இரண்டு வாரத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. உதவியும் கிடைத்தது. அக்கா இன்று மதுரை விடுதியிலிருந்து எனக்கு மடல் எழுதுகிறாள். இணைப்பு ஏதும் இருந்தால், 'திறக்கிறதா?' என்று மறக்காமல் கேட்கிறாள்!

எங்கள் கணினி அறையில் இப்போது புனித கார்லோ அக்குதிஸின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. கணிப்பொறியை நல்ல செயலுக்குப் பயன்படுத்தி, 2006-இல் 15 வயதிலேயே இரத்தப் புற்றுநோயால் மறைந்த சிறுவர் அவர். 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கத்தோலிக்கத் தோழியர் இரவு செபத்துக்குமுன் தம் அன்றைய செயல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, எங்கே தவறினோம் என்று தேடுவார்களாம். நீதிபோதனை வகுப்பில் கேட்டபோது அது எனக்கு வெறும் பாடமாகவே இருந்தது. இன்று எண்ணிப் பார்க்கிறேன். அறுந்த இழையை அப்பா தேடுவதும், போகாத மடலின் காரணத்தைச் சிஸ்டர் தேடுவதும், தோழியர் தம் மனத்தைத் தேடுவதும் ஒரே வேலைதான் அல்லவா?

ஆகவே தோழியரே! உங்கள் மடலின் இணைப்பு போகாவிட்டால் பதறாதீர்கள். திரையில் வரும் செய்தியை முழுதும் படியுங்கள். தேதியைப் பாருங்கள். அளவைப் பாருங்கள்; வழியில் அது மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் காணாத ஒன்றை 'முடிந்துவிட்டது' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நோட்டில் எழுதியபோது ஏறாதது, அவுட்பாக்ஸில் கிடந்த ஒரு மடலால் என் புத்தியில் ஏறிற்று. அதற்காக இறைவனுக்கு நன்றி.

— பதினோராம் வகுப்பு மாணவி